நண்பருக்குச் சொற்களைப் பரிசாகக் கொடுப்பது எப்படி?

நண்பரின் பிறந்தநாள் வருகிறது. அல்லது வேலை மாறி வேறு ஊருக்குக் கிளம்புகிறார். கடையில் பார்த்த பொருள் எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. நாமே நாலு வரி எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. காகிதத்தை எடுத்து வைத்து 'நட்பு என்பது...' என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இதுவரை ஒரு கவிதைகூட எழுதாதவர் என்றாலும் சரி, ஒரு மாலைப்பொழுதில் முடிக்கக்கூடிய வேலை இது. அதற்கு முன்னால் சில நாள் கண்ணையும் காதையும் கொஞ்சம் தீட்டி வைத்திருந்தால் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும்.

பேனா நின்றதற்குத் திறமையைக் குறை சொல்ல வேண்டாம். நட்பைப் பற்றி எழுத உட்கார்ந்ததுதான் சிக்கல். நட்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள், நம்மைவிட நன்றாகவும் சொல்லிவிட்டார்கள். உங்கள் நண்பரைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை. அங்கேதான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

புறநானூற்றின் 216ஆம் பாட்டு இதற்கு நல்ல பாடம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விடத் துணிந்துவிட்டான். அவனுடைய நண்பர் பிசிராந்தையார் அதுவரை அவனை நேரில் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டே வளர்ந்த நட்பு. அப்படிப்பட்டவர் வருவாரா என்று சுற்றியிருப்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள். சோழன் நட்பின் மேன்மையைப் பற்றி விரிவுரை எதுவும் ஆற்றவில்லை. அவரிடம் பெயர் கேட்டால் 'என் பெயர் பேதைச் சோழன்' என்று என் பெயரையே சொல்லிக்கொள்கிறவர் அவர், இப்போதே வந்துவிடுவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். ஒருவர் தன் பெயரைக் கேட்டால் நண்பனின் பெயரைச் சொல்கிறார்! இந்த ஒரு பழக்கத்தைச் சொன்ன பிறகு 'உயிர் நண்பர்' என்று தனியாக அடைமொழி போட வேண்டியதில்லை.

நாம் தேட வேண்டியதும் அப்படி ஒரு பழக்கத்தைத்தான்.

முதலில் குறிப்பெடுங்கள், அப்புறம் எழுதலாம்

கைப்பேசியில் ஒரு குறிப்பைத் திறந்து நண்பரின் பெயரைத் தலைப்பாகப் போடுங்கள். சில நாள்களுக்கு அவரைப் பற்றி நினைவுக்கு வருவதையெல்லாம் துண்டு துண்டாக அதில் போட்டு வையுங்கள். முழு வாக்கியம் வேண்டாம். அழகும் வேண்டாம். 'அன்பானவர்', 'உதவும் குணம்', 'தங்கமான மனசு' போன்றவை மட்டும் வேண்டவே வேண்டாம். அவை நீங்கள் எடுத்த முடிவுகள். அந்த முடிவுக்கு உங்களை வரவைத்தது எது, அதை எழுதுங்கள்.

குறிப்பு வறண்டு போனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவர் அடிக்கடி சொல்லும் சொல் எது? ஃபோனை எடுத்ததும் முதலில் என்ன சொல்வார்? கோபம் வந்தால் கத்துவாரா, மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாரா? சேர்ந்து நடக்கும்போது எந்தப் பக்கம் நடப்பார்? உங்களிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராத பொருள் எது? அவர் செய்து, நீங்கள் மட்டும் பார்த்து, இருவருமே இதுவரை பேசிக்கொள்ளாத விஷயம் ஏதாவது உண்டா? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பழைய உரையாடல்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவர் தட்டச்சு செய்யும் விதம், எப்போதும் தப்பாக எழுதும் ஒரு சொல், நள்ளிரவில் அனுப்பிய ஒற்றை வரி என்று நினைவிலிருந்து நழுவிப்போனவை அங்கே தேதியோடு கிடக்கும். புகைப்படங்களைப் பார்க்கும்போது நடுவில் சிரிப்பவர்களை விட்டுவிட்டு ஓரங்களைக் கவனியுங்கள். யாருடைய பையை அவர் தூக்கி வைத்திருக்கிறார் என்பது ஓரத்தில்தான் தெரியும்.

குறிப்புகள் ஓரளவு சேர்ந்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கவிதையில் அடைக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்று குழம்பினால், நண்பரின் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு நண்பரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிற குறிப்பு உங்களுக்கு வேண்டாம். இரண்டு குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் மட்டும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று கீழே ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன்.

கவிதையா, கடிதமா?

கவிதை என்றதும் பயம் வந்தால் உரைநடையில் எழுதுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. சொல்லப்போனால் முதல்முறை எழுதுபவர்களுக்குச் சின்னக் கடிதம்தான் பொருத்தம் என்பேன். ஏ5 தாளில் ஒரு பக்கம், ஏறக்குறைய 100 சொற்கள் போதும். நடந்த ஒரு சம்பவம், அதனால் உங்களுக்குள் என்ன மாறியது, அந்தச் சம்பவத்திலிருந்தே எடுத்த ஒரு வாழ்த்து. வேலை மாறிப் போகும் ஒருவருக்கு இப்படி எழுதலாம்:

"நான் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு இங்கே யாரையும் தெரியாது. மதியம் எங்கே உட்காருவது என்று புரியாமல் நின்றிருந்தேன். நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்த உங்கள் பையை எடுத்துக் கீழே வைத்தீர்கள். கூப்பிடக்கூட இல்லை, பையை எடுத்தீர்கள், அவ்வளவுதான். இப்போது புதிதாக யாராவது வந்து நின்றால் நானும் என் பையை எடுத்துவிடுகிறேன். நீங்கள் போகிற இடத்திலும் யாராவது ஒருவர் தன் பையை எடுத்து வைக்கட்டும்."

இதில் 'நன்றி' என்ற சொல் இல்லை, 'நட்பு' இல்லை, 'மறக்க முடியாத' இல்லை. வாழ்த்து வானத்திலிருந்து விழாமல் அந்த நாற்காலியிலிருந்தே எழுகிறது. 'எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ்க' என்று முடித்திருந்தால் அதற்கு முன்னால் எழுதியது மொத்தமும் வீணாகியிருக்கும்.

கவிதைதான் என்று முடிவு செய்தவர்களுக்குச் சில வடிவங்கள். வரி உடைத்து எழுதும் புதுக்கவிதை எளிது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரி வரை போதும். ஜப்பானிய ஹைக்கூவுக்கு 5-7-5 என்று அசைக் கணக்கு உண்டு, ஆனால் தமிழில் அதைக் கணக்குப் பார்க்காமல் மூன்று சிறிய வரிகளாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. மூன்றாவது வரியில் ஒரு திருப்பம் வேண்டும், இல்லாவிட்டால் உடைத்துப் போட்ட வாக்கியம் மாதிரிதான் இருக்கும்.

மரபு பிடிக்கும் என்றால் குறள் வெண்பாவை முயன்று பார்க்கலாம். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. ஆனால் வெண்டளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேர வேண்டிய முறை, தட்டாமல் எழுதப் பயிற்சி வேண்டும், கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். நாளை மறுநாள் பிறந்தநாள் என்றால் அந்த வேலையை இப்போது எடுக்காதீர்கள். அதற்குப் பதில் எதுகையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வரிகளின் முதல் சொற்களிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் எதுகை. முதல் எழுத்து இரண்டிலும் குறிலாகவோ இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். எப்போதும் தாமதமாக வரும் நண்பருக்கு:

சொன்ன நேரத்தில் வரமாட்டாய்;
என்ன நேர்ந்தாலும் வராமல் இருக்கமாட்டாய்.

சொன்ன, என்ன. அவ்வளவுதான் இலக்கணம். வரிகளின் கடைசியில் 'ஆய், ஆய்' என்று ஒத்து முடிவதும் சேர்ந்துகொண்டதால் காதில் நிற்கிறது. வாழ்த்து அட்டைக்கு இந்த இரண்டு வரியே தாராளம்.

பெயரை வைத்து எழுதும் ஆசை

நண்பரின் பெயரில் உள்ள ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்குவது போல் எழுத நிறைய பேருக்கு ஆசை. பார்க்க அழகுதான். தமிழில் இதற்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. மெய்யெழுத்து எதுவும் சொல்லின் முதலில் வராது. ண, ன, ழ, ள, ற வரிசைகளும் வராது. ட, ர, ல வரிசைகளில் தொடங்குபவை பெரும்பாலும் பிறமொழியிலிருந்து வந்த சொற்கள். கண்ணன் என்ற பெயரை எடுத்துக்கொண்டால் க, ண், ண, ன் என்று நாலு எழுத்தில் முதல் எழுத்து மட்டும்தான் தேறும். மாலதி கொஞ்சம் பரவாயில்லை. நடுவில் 'ல' மட்டும் லட்சம், லாபம் என்று இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கு வழி உண்டு. எழுத்தை வரியின் தொடக்கத்தில் வைக்காமல் நடுவில் எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். 'ண்' வேண்டுமா, கண், மண், எண், வெண்மை என்று உள்ளே ஒளிந்திருக்கும் சொற்கள் எத்தனையோ. அந்த எழுத்தை மட்டும் வேறு நிற மையில் எழுதி, வரிகளைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி, நிற எழுத்துகள் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் வரும்படி அமைத்தால் பெயர் தெரியும். நண்பர் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகும்; அந்த ஒரு நிமிடமும் பரிசுக்குள் அடக்கம். ஆனாலும் ஒரு எச்சரிக்கை: பெயர் விளையாட்டில் மூழ்கி, நண்பரைப் பற்றிய குறிப்பு காணாமல் போய்விடக் கூடாது. 'க - கருணையின் வடிவமே' என்று ஆரம்பித்தால் கண்ணனுக்கு மட்டுமில்லை, கவிதாவுக்கும் கொடுக்கலாம்.

எந்தத் தமிழில்?

நேரில் 'டேய்' என்று கூப்பிடுகிறவரைக் காகிதத்தில் 'என் இனிய நண்பனே' என்று அழைத்தால், அவர் முதலில் சிரிப்பார், அப்புறம் இது வேறு யாருக்கோ எழுதியதோ என்று யோசிப்பார். நீ என்பவருக்கு நீ, நீங்கள் என்பவருக்கு நீங்கள். பட்டப்பெயர் இருந்தால், அது அவருக்குப் பிடித்த பட்டப்பெயராக இருந்தால், அதுவே நல்ல தொடக்கம்.

கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அவர் பேசியதை மட்டும் அவர் பேசியபடியே எழுதுங்கள். அவர் 'வந்துட்டேன்' என்றால் 'வந்துவிட்டேன்' என்று திருத்தாதீர்கள். அவருடைய குரலே அதில்தான் இருக்கிறது. முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதுவதும் தப்பில்லை, ஆனால் ஒரே வாக்கியத்தில் 'பார்த்தேன்' என்றும் 'பாத்துட்டு' என்றும் மாறி மாறி வந்தால் படிப்பவர் கால் இடறும்.

நிலவு, தென்றல், பூங்காற்று, உறவே, உயிரே எல்லாம் கவிதைக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அவற்றில் பாதி சினிமாக் காதலிலிருந்து வந்தவை. நண்பருக்குக் கொடுக்கும் கவிதையில் 'உயிரே' என்று எழுதினால் படிப்பவர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு ஒரு வாரம் உங்களைத் தவிர்க்க வாய்ப்பு இருக்கிறது. சொல்ல வந்தது காதல் இல்லை என்றால் காதலின் சொற்களைத் தொடாதீர்கள்.

தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது என்ற நண்பர்களும் நிறைய. அவர்களுக்குக் காகிதத்தைக் கொடுத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். குரலில் பதிந்து கொடுக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எழுதுவதும் வெட்டுவதும்

இப்போது ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் செய்து பார்ப்போம். ஒருவர் தன் நண்பனைப் பற்றி இரண்டு குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று: ஃபோன் பண்ணினால் 'பக்கத்துல வந்துட்டேன்' என்பான், பின்னால் குளியலறைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இரண்டு: அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று யாரும் சொல்லாமலே வந்து நின்றான், கையில் ஃபோன் சார்ஜர் இருந்தது.

முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

நட்பின் இலக்கணமே
என் வாழ்வின் ஒளிவிளக்கே
துன்பம் வந்த வேளையிலே
தோள் கொடுத்த தோழனே
உன்னை மறவேன் என்றும்

ஓசை இருக்கிறது. ஆளைக் காணோம். குழாய் போய்விட்டது, சார்ஜர் போய்விட்டது, அப்பாகூடப் போய்விட்டார். கையில் நல்ல குறிப்பு இருந்தும் கவிதை என்றதும் நாம் வேறு உடுப்புக்கு மாறிவிடுகிறோம். இதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குறிப்புகளையே வரி உடைத்து எழுதிப் பார்க்கலாம்:

'பக்கத்துல வந்துட்டேன்' என்பாய்.
பின்னால் குழாயில் தண்ணீர் விழும்.
நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும்.
ஆனால் அன்று ஒருநாள்
நான் உன்னை அழைக்கவே இல்லை.
மருத்துவமனை வாசலில் நீ நின்றாய்.
கையில் சார்ஜர் இருந்தது.
அதுதான் உண்மையான நட்பு.
உனக்கு என் நன்றி.

இதில் நண்பன் வந்துவிட்டான். இனி வெட்டலாம். மூன்றாவது வரி எதற்கு? தண்ணீர்ச் சத்தமே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 'அதுதான் உண்மையான நட்பு' என்பது படிப்பவர் தானாக உணர வேண்டியது. நாம் சொல்லிவிட்டால் அவருக்கு வேலை இல்லாமல் போகிறது. நன்றியும் வேண்டாம். ஆனால் வெறுமனே வெட்டினால் சார்ஜரோடு நின்றுவிடும், நண்பனிடம் எதுவும் சொல்லாத மாதிரி இருக்கும். அங்கே முரண்பட்ட இரண்டு குறிப்புகளும் கைகொடுக்கின்றன. எப்போதும் தாமதமாக வருகிறவன் அன்று மட்டும் முந்திக்கொண்டு வந்திருக்கிறான். அதற்கு என்ன சொல்வீர்கள்?

'பக்கத்துல வந்துட்டேன்' என்பாய்.
பின்னால் குழாயில்
தண்ணீர் விழும்.

அன்று
நான் அழைக்கவே இல்லை.
மருத்துவமனை வாசலில் நீ,
கையில் சார்ஜர்.

இனி எத்தனை தடவை வேண்டுமானாலும்
தாமதமாக வா.

கடைசி இரண்டு வரிகள் நன்றியைச் சொல்லாமல் சொல்கின்றன, கூடவே ஒரு சலுகையும் கொடுக்கின்றன. நண்பன் சிரிப்பான், சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் அமைதியாவான். இது இலக்கியப் பரிசு வாங்கும் கவிதை இல்லை. ஆனால் இதை வேறு எவனுக்கும் கொடுக்க முடியாது.

எழுதி முடித்ததும் ஓர் இரவு ஆறப் போடுங்கள். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுமாறும் இடத்தில் ஒரு சொல் அதிகமாக இருக்கும். முதல் வரியையும் கடைசி வரியையும் மறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பாதிக் கவிதைகள் இரண்டாம் வரியில்தான் உண்மையில் தொடங்குகின்றன, கடைசிக்கு முந்தின வரியில் முடிந்தும் விடுகின்றன.

இன்னொன்றையும் பாருங்கள்: 'நான்' எத்தனை தடவை வருகிறது? வள்ளல்களுக்குப் புலவர்கள் செய்யுளிலேயே எழுதிய கடிதத்துக்குச் சீட்டுக்கவி என்று பெயர். அவற்றில் பலவற்றில் புலவர் முதலில் தன் பெருமையைப் பாடிவிட்டுத்தான் எதிராளியிடம் வருவார். பரிசில் கேட்டு எழுதுகிறவருக்கு அது சரி. நாம் இங்கே கொடுக்க வந்திருக்கிறோம். நண்பரைப் பற்றி எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, 'நான் எவ்வளவு ஆழமாக உணர்கிறேன் பார்' என்று முடிந்திருந்தால் மறுபடி எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நொடியில் கவிதை வருமே என்பவர்களுக்கு: வரும். எழுத்துப் பிழை பார்க்கவும் உதவும். குழாய்ச் சத்தம் மட்டும் அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் எழுதியாக வேண்டும், எழுதிவிட்டால் மிச்ச வேலை பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்தவர் எழுதிய கவிதை ஒன்று நண்பருக்கு அப்படியே பொருந்துகிறது என்றால் அதையும் கையால் எழுதிக் கொடுக்கலாம். கவிஞரின் பெயரைக் கீழே எழுதிவிடுங்கள். அதோடு, இதைப் படித்தபோது ஏன் அவர் நினைவு வந்தது என்று உங்கள் சொற்களில் இரண்டு வரி சேர்த்தால்தான் அது உங்கள் பரிசாகும்.

தொடக்கூடாத இடங்கள்

கேலி நட்புக்கு அழகுதான். ஆனால் காதில் விழுந்து காற்றில் போகும் கேலி வேறு, காகிதத்தில் தங்கிவிடும் கேலி வேறு. உடல், நிறம், எடை, சம்பளம், கல்யாணம், குழந்தை ஆகியவற்றைத் தொடாதீர்கள். உங்களை நம்பிச் சொன்ன ரகசியமும் கூடாது. அந்தக் காகிதத்தை அவர் வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படிக்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் அதைக் கவிதையாக்கிப் பிறந்தநாள் பரிசோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மன்னிப்பை நேராகக் கேளுங்கள், கவிதை இன்னொரு நாளைக்கு.

துக்கத்தில் இருக்கும் நண்பருக்கு எழுதுவது எல்லாவற்றிலும் கடினம். 'காலம் ஆற்றும்', 'எல்லாம் நன்மைக்கே' போன்றவற்றை விட்டுவிடுங்கள். இறந்தவரை உங்களுக்குத் தெரியும் என்றால் அவரைப் பற்றிய ஒரு சின்ன நினைவை எழுதுங்கள். அதியமான் இறந்தபோது அவ்வையார் பாடிய புறநானூறு 235ஆம் பாட்டு இதைத்தான் செய்கிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே. நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பானே. நரந்தம் என்ற வாசனைப் பொருள் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மன்னனின் வீரத்தைவிட அந்தக் கைதான் நமக்கு மறக்காமல் இருக்கிறது. நண்பரின் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு வரி எழுதினாலும் போதும். தன் அம்மாவை இன்னொருவரும் நினைவில் வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். பதில் எழுத வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

காகிதம், பேனா

ஏ4 தாளை இரண்டாக மடித்தால் ஏ5, அதையும் மடித்தால் ஏ6. கவிதைக்கு ஏ6 அளவு அட்டை, கடிதத்துக்கு ஏ5 தாள். செய்தித்தாள் வகைக் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். அமிலம் நீக்கிய தாள் என்று கேட்டு வாங்கினால் பல ஆண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும்.

பேனாவில் ஒரு வகையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எழுதியதை முனையால் தேய்த்து அழிக்கும் ஜெல் பேனாக்கள் உண்டு. தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் மையின் நிறம் மறைந்துவிடுவதுதான் அதன் சூட்சுமம். சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கவிதையை விட்டுவந்தால் வெறுங்காகிதம் கையில் கிடைக்கலாம். லேமினேஷன் இயந்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டும் என்பதால், அதில் கொடுத்தால் பத்திரப்படுத்தப் போன கவிதை அங்கேயே காலி. ஃப்ரீசரில் வைத்தால் எழுத்து ஓரளவு திரும்பி வரும் என்பது வேடிக்கைதான், ஆனால் பரிசோடு ஃப்ரீசரையும் சேர்த்துக் கொடுக்க முடியாதே. நிறமி மை உள்ள பேனா நல்லது. தண்ணீர் பட்டாலும் பரவாது, வெயிலுக்கும் தாங்கும். அது கிடைக்காவிட்டால் சாதாரண பால்பாயிண்ட் பேனாவே போதும். எதுவானாலும் அதே தாளின் துண்டில் எழுதிப் பார்த்து, ஈர விரலால் தடவிச் சோதித்துவிட்டு எழுதுங்கள்.

கையெழுத்து நன்றாக இல்லை என்று தயங்குபவர்கள் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டு, அதன்மேல் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகு கோட்டை அழிக்கலாம். கோடு நேராக இருந்தாலே பாதி அழகு வந்துவிடும். தட்டச்சு செய்து அச்செடுப்பதாக இருந்தால் யூனிகோட் எழுத்துருவில் அடித்து, பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுங்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கவிதைக்குப் பதில் கிறுக்கல்தான் அச்சாகும்.

இறுதிப் படி எழுதுவதற்கு முன் ர-ற, ல-ள-ழ, ன-ண குழப்பங்களையும் ஒற்று விடுபட்ட இடங்களையும் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நண்பர் தன் பெயரை எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதுவது. 'ஸ்ரீதர்' என்று கையெழுத்துப் போடுகிறவரை 'சிறீதர்' ஆக்கினால் தூய தமிழ் வாழலாம், கவிதை பிழைக்காது.

ஃபோனில் அனுப்புவது, குரலில் கொடுப்பது

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஃபோன் திரையில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் போனால் வரி தானாக மடிந்து, நீங்கள் யோசித்து உடைத்த இடமெல்லாம் குலைந்துவிடும். வரிகளைச் சின்னதாக வையுங்கள். இல்லையென்றால் கையால் எழுதி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். குழுவில் போட்டதும் பத்துப் பேர் கைதட்டும் பொம்மை அனுப்புவார்கள், நண்பரும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பொதுவில் பகிர வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அவரிடம் கேட்ட பிறகு.

குரல் பதிவுக்கு வெற்று அறை வேண்டாம், எதிரொலிக்கும். திரைச்சீலையும் துணிமணியும் நிறைந்த அறை நல்லது. ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் 'ப', 'ஃப' ஒலிகள் வெடிக்காது. பதிவை அழுத்திவிட்டு இரண்டு விநாடி சும்மா இருங்கள், அப்புறம் தொடங்குங்கள். மேடைக் குரல் வேண்டாம். ஃபோனில் அவரோடு எப்படிப் பேசுவீர்களோ அதே குரலில், கொஞ்சம் மெதுவாக. நடுவில் சிரிப்பு வந்தால் வெட்டாதீர்கள்.

கொடுக்கும் நேரம்

எல்லோரும் சுற்றி நிற்கும்போது கொடுத்தால் 'படி, படி' என்பார்கள். நண்பர் கூச்சப்படுவார், நீங்கள் அவரைவிட அதிகமாகக் கூச்சப்படுவீர்கள். விடைபெறும் நேரத்தில் உறையைக் கையில் கொடுத்து, 'வீட்டுக்குப் போய்ப் படி' என்று சொல்வது நல்ல வழி. 'சும்மா கிறுக்கினேன், நல்லா இருக்காது' என்ற முன்னுரையும் வேண்டாம். அதைக் கேட்டதும் 'ஐயோ, நல்லாத்தான் இருக்கு' என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலை அவர் தலையில் விழும்.

கொடுத்த பிறகு 'படிச்சியா?' என்று கேட்காதீர்கள். சிலர் அன்றிரவே அழைப்பார்கள். சிலர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள், மாதங்கள் கழித்து அவருடைய பர்ஸைத் திறக்கும்போது மடிப்பு நைந்த அந்தத் தாள் கண்ணில் படும். சிலருக்கு உண்மையிலேயே இதில் ஈடுபாடு இருக்காது. அவர்களுக்கு அடுத்தமுறை ஒரு நல்ல சட்டை வாங்கிக் கொடுங்கள், தப்பே இல்லை.

உறையை ஒட்டுவதற்கு முன் எழுதியதை ஒரு படமெடுத்து, தேதியும் யாருக்கு என்பதும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்தநாளுக்கும் ஒரே சம்பவத்தை எழுதிவிடும் ஆபத்து, நினைப்பதைவிட அதிகம். பயன்படுத்தாமல் விட்ட குறிப்புகளையும் அழிக்காதீர்கள். இந்த வருடம் பொருந்தாத குறிப்பு அடுத்த வருடத்துக்கு உதவும்.